இரட்டைத் திரைப் பணிமுறை

மேசைக்கு ஒரு மானிட்டரு போதுமா, ரெண்டு வோணுமா? சொம்மா கேக்கல. கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவுல ஒரு சர்ட்டிபிகேட்டு ஆபீஸ் கீது. அங்க இந்த ஒத்த கேள்விய வெச்சிகினு ஒரு வெயில் காலத்தையே ஓட்டனாங்கோ.

அந்த ஆபீஸ்ல வேலைன்னு செய்றது ஒரே ஆளு. வசுமதின்னு பேரு, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரு. பழைய ரிஜிஸ்டரையெல்லாம் போட்டோ புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்காங்க. வசுமதி அத்தத் தொறந்து, அப்பன் பேரு, தெருப் பேரு எல்லாம் படிச்சி, மனசுல வெச்சிகினு, அத்த மூடிட்டு, புதுப் பக்கத்தத் தொறந்து அடிக்கணும். ஏன்னா கீறது ஒரே மானிட்டரு. நடுவுல எவனா வந்து "மேடம், பாத்ரூம் எங்க?"ன்னு கேட்டுட்டா போச்சு, மறுபடியும் முதல்லேருந்து. பக்கத்துல இன்னொண்ணு இருந்தா, அத்தப் பாத்து இதுல அடிச்சிட்டுப் போயிகினே இருப்பேன்னு ரொம்ப நாளா கேட்டுகினு கீறாங்க. அதிகாரி செங்கல்வராயன் சாரு அத்தக் காதுல வாங்கனதே இல்ல. இருக்கிறத வெச்சி ஒழுங்கா பாரும்மான்னுவாரு.

சாருக்கும் ஒரு மானிட்டரு கீது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சி, பூ சுத்தனதோட சரி. ஸ்விட்ச் எந்தப் பக்கம்னு கேட்டா, ஆள அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்லுவாரு.

இப்படிப் போயிகினு இருந்த மனுசன், அக்கா புள்ள பிரவின்குமார் வூட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனாரு பாரு, அங்க தான் வெனை. பிரவின்குமார் ஐ.டி. வேலை. கேளம்பாக்கத்துல பிளாட்டு. வூட்லயே ஆபீஸ் ரூம்பு. மேசை மேல வரிசையா மூணு மானிட்டரு. நடுவுல ஏதோ பொடி எழுத்து ஓடிகினு கீது. இந்தப் பக்கம் கிரிக்கெட்டு. அந்தப் பக்கம் ஒரு மேப்பு, அதுல பிரியாணி எடுத்துகினு வர்ற பையன் எந்த சிக்னல்ல நிக்கிறான்னு காட்டுது.

மூணு எதுக்குடான்னு சாரு கேட்டாரு. "புரொடக்டிவிட்டி மாமா"ன்னான்.

அந்த வார்த்த சார நேரா நெஞ்சுல குத்திச்சி. மறுநாள் ஆபீஸ் வந்து உக்காந்தா, தன் மேசை மொட்டை அடிச்சா மாதிரி தெரியுது. உடனே மீட்டிங்கு. அதிகாரிக்கு ரெண்டாவது வேணும், அப்பதான் பொதுமக்களுக்கு மரியாதைன்னாரு. ஹெட் கிளார்க்கு கலைவாணன் எதுத்தாரு. அவுரு ஒத்த மானிட்டர் கட்சி. ரெண்டு வெச்சா கழுத்து தேஞ்சி பூடும்னு போன்ல யாரோ அனுப்பிக்கீறாங்க, அத்த நின்னுகினே படிச்சிக் காட்டுனாரு.

"ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்துக்கீறான் கலைவாணன், ரெண்டு காது குடுத்துக்கீறான்."

"மூக்கு ஒண்ணுதான சார்?"

இந்த எடத்துல டீ வந்துச்சி. டீ குடிச்சி முடிச்சதும், ஹெட் கிளார்க்குக்கும் ரெண்டு உண்டுன்னு சாரு சொன்னாரு. கழுத்து அங்கயே சரியாப் போச்சு. எனக்குன்னு வசுமதி கேட்டாங்க. மேசைக்கு ரெண்டுன்னு பொதுவா எழுதிடலாம், ஆனா கடைசியா குடுக்கலாம்னு முடிவாச்சி.

எழுதுறது கலைவாணன். தமிழ்னா அவருக்கு உசுரு. அரசுக் கோப்புல மானிட்டர்னு வந்தா கை கூசுதுன்னுட்டு, கணினித் திரைன்னு போட்டாரு. அப்பறம் யோசிச்சாரு. கணினின்னு ஒரு வார்த்த இருந்தா பைலு மெட்ராஸுக்குப் போவும். போன பைலு வராது. வெறும் திரைன்னு போட்டா மாவட்டத்துலயே முடிஞ்சிடும். கணினிய அடிச்சிட்டாரு. "பொதுமக்களின் நலன் கருதியும், நிருவாக வெளிப்படைத்தன்மையை உறுதி செய்யும் பொருட்டும், மேசை ஒன்றுக்கு இரண்டு வீதம் திரை வழங்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டப்படுகிறது." சாரு படிச்சாரு, கையெழுத்து போட்டாரு, அடுத்த வாரத்துலேருந்து மேசையில எடம் ஒழிச்சி வெச்சிகினு காத்துகினு இருந்தாரு.

வேன் வந்துச்சி. எறக்கனா, மெத்து மெத்துன்னு மூட்ட. பிரிச்சா, அரக்கு கலர்ல துணி, ஓரத்துல ஜரிகை, மாட்றதுக்கு வளையம், கம்பி. மேசைக்கு ரெண்டு. கணக்கு கரெக்ட்டு.

மாவட்டத்துக்குப் போன் அடிச்சாரு சாரு. கேட்டது திரை, வந்தது திரை, இன்னா கொறைன்னு அவங்க கேட்டாங்க. இது தப்பா வந்துடுச்சின்னு எழுதுனா, தப்பா கேட்டது யாருன்னு வரும். கேட்ட கையெழுத்து சாரோடது. அதனால தப்பு எதுவும் நடக்கலன்னு சாரும் கலைவாணனும் முடிவு பண்ணாங்க. தப்பு நடக்கலன்னா வந்தது சரி. சரியா வந்தத மாட்டித்தான ஆவணும்? மாட்டிட்டாங்க. ஒவ்வொரு மேசைக்கும் முன்னாடி ஒண்ணு, அதுக்கும் முன்னாடி இன்னொண்ணு.

அதோட வுட்டிருந்தா பரவால்ல. கலைவாணனுக்கு ஆடிட் பயம் வந்துடுச்சி.

"சார், அனுமதி மேசைக்கு ரெண்டு திரை. மானிட்டரும் திரைதான்னு நாமளே எழுதிக்கீறோம். இப்ப மேசைக்கு மூணு ஆவுது."

சாரு வெரல மடக்கி எண்ணிப் பாத்தாரு. அப்பறம் எல்லா மானிட்டரையும் கழட்டி ஸ்டோர் ரூம்புல பூட்டி, சாவிய இடுப்புல சொருகிகினாரு. கீபோர்ட மட்டும் வுட்டாங்க. அது திரை இல்லியாம். வசுமதி துணிக்குப் பின்னாடி கீபோர்டு முன்னாடி கைய வெச்சிகினு உக்காந்துகினு இருந்தாங்க. கழுத்து வலி சுத்தமா போயிடுச்சின்றாங்க, அது நெசம்.

இந்த நேரம் பாத்துதான் வரலட்சுமி வந்தாங்க. ஈ.சி.ஆர். ரிசார்ட்ல ரூம்பு கிளீன் பண்ற வேலை. பொண்ணு பிரதீபா டிப்ளமோ. அணுபுரம் பக்கம் ஒரு லேப்ல கான்ட்ராக்ட் வேலை கெடைச்சிக்கீது. வெள்ளிக்கிழமை சாய்ந்தரத்துக்குள்ள இருப்பிடச் சான்று குடுக்கணும். இல்லன்னா அந்த வேலை அடுத்த பொண்ணுக்கு.

திங்கக்கிழமை வந்து பாத்தா திரை போட்டிருக்கு. முன்னாடி ஜனம் நிக்குது. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நம்ம ஊரு ஜனத்துக்கு கேக்கவா வேணும்? திருப்போரூர்க் கோயில் பக்கம் பொறந்து வளந்தவங்களுக்குத் திரை போட்டா இன்னான்னு தெரியாதா? உள்ள அலங்காரம் நடக்குது, நிக்கணும். நின்னாங்க. மறுநாள் எவனோ பூ வாங்கியாந்தான். அதுக்கு மறுநாள் கூட்டத்த ஒழுங்கு பண்றதுக்குன்னு சாரு ஒரு மணி வாங்கிப் போட்டாரு. மணி அடிக்கும், ரெண்டு திரையும் வெலகும், சாரு டீ குடிக்கிறது தெரியும், எல்லாரும் கையத் தூக்குவாங்க, திரை மூடிடும். "இன்னிக்கு நல்லா பாத்தேன்"னு சொல்லிகினு ஜனம் கலைஞ்சி போவும். பேப்பர் கேட்டு வந்தது எவனுக்கும் ஞாபகம் இல்ல.

வரலட்சுமிக்கு ஞாபகம் இருந்துச்சி. வெள்ளிக்கிழமை மதியானம் பொண்ணு கையப் புடிச்சி இழுத்துகினு முன்னாடி போயி, ரெண்டு திரையையும் ஒரே இழுப்பா இழுத்துட்டாங்க.

"இன்னா சார், உள்ள சாமிக்குத் துணி மாத்துறீங்களா?"

"அம்மா, இது இரட்டைத் திரைப் பணிமுறை. வெளிப்படைத்தன்மைக்காக நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது."

"வெளிய ஒண்ணும் தெரியலியே சார்."

"ஒரு திரைன்னா லேசா தெரியும்மா. ரெண்டுன்றதால கொஞ்சம் கம்மியா தெரியுது"ன்னாரு கலைவாணன்.

"எம்பொண்ணு வேலை இன்னிக்கு சாய்ந்தரத்தோட போவுது சார். அந்தப் பேப்பர மட்டும் குடுத்துடு."

வசுமதி எழுந்துட்டாங்க. "இப்பவே அடிச்சிக் குடுத்துடுவேன்கா. மானிட்டரு உள்ள பூட்டிக் கீது. சாவி சார்கிட்ட."

"அதை எடுத்தால் மேசைக்கு மூன்றாகிவிடும்"னாரு சாரு.

"அப்ப ஒரு துணியக் கழட்டிடு சார். ரெண்டாயிடும்ல?"

அந்த ஆபீஸ் கட்டனதுலேருந்து அங்க யாரும் இவ்ளோ சரியா ஒண்ணு சொன்னதில்ல. சாரோட கை தன்னால இடுப்புக்குப் போச்சு. சாவி வெளிய வந்துடும் போலத்தான் இருந்துச்சி.

அதுக்குள்ள பின்னாடிலேருந்து சவுண்டு. "ஏம்மா, திரைய வுடு. நாங்கல்லாம் காலையிலேருந்து நிக்கிறோம், உனக்கு மட்டும் தனி தரிசனமா?" ஒருத்தன் வந்து வரலட்சுமி கையிலேருந்த துணியப் புடுங்கி, ஒழுங்கா மடிப்பு பாத்து இழுத்து மூடிட்டான். கலைவாணனோட ஆளு இல்ல அவன். வரிசையில நின்ன நம்மள மாதிரி ஒருத்தன். சாரோட கை மறுபடியும் டீ டம்ளருக்குப் போச்சு.

சாய்ந்தரம் ஆச்சி. வேலை அடுத்த பொண்ணுக்குப் போச்சு.

மாவட்டத்துலேருந்து ஆய்வுக்கு வந்தாங்க. புதிய பணிமுறைக்கு அப்பறம் ஒரு சான்றுலயும் எழுத்துப் பிழை இல்ல, பொதுமக்கள் புகார் இல்ல, மாறாகப் பூ மாலைன்னு எழுதிகினு போனாங்க. சாருக்குப் பாராட்டு. அதிகாரி மேசைக்கு மூணாவது திரையும் அனுமதி ஆச்சி. கூட்டம் ஜாஸ்தி ஆனதால திரை இழுக்கத் தனியா ஒரு கான்ட்ராக்ட் போஸ்ட்டும் போட்டாங்க. பிரதீபா அதுல சேந்துடுச்சி. அந்த வேலைக்கு இருப்பிடச் சான்று கேக்கல. கேட்டா குடுக்குறதுக்கு ஆபீஸ் இல்லன்னு அவங்களுக்கே தெரியும்.

போன வாரம் நான் ஒரு பேப்பருக்காக அங்க போயிருந்தேன். எனக்கு முன்னாடி வரலட்சுமி. வூட்டு விலாசத்துல ஏதோ மாத்தணுமாம். திரை கிட்ட போயி, அத்த வெலக்கக் கையத் தூக்கனாங்க. கயித்தப் புடிச்சிகினு நின்ன பிரதீபா நிமிந்து பாத்துச்சி.

"வரிசையில நில்லும்மா. திரை போட்டிருக்கு."

வரலட்சுமி பொண்ணப் பாத்தாங்க, கயித்தப் பாத்தாங்க, வரிசையில வந்து நின்னாங்க. கொஞ்ச நேரத்துல மணி அடிச்சிச்சி. திரை வெலகுச்சி, ஒண்ணு, ரெண்டு, மூணு. வரலட்சுமி பையக் கீழ வெச்சிட்டு ரெண்டு கையையும் சேத்தாங்க. நானும் கன்னத்துல போட்டுகினேன்.

சொம்மா சொல்லக்கூடாது, அன்னிக்கி அலங்காரம் பிரமாதம். புது டீ டம்ளரு.