எதுக்கும் மாமா பிடித்த வண்டி

"அந்த டிரைவர் எங்க பேரை எழுதின அட்டையோட நின்னாரு மாமா—"

"அதான் தப்புங்கறேன்! பேரை எழுதி ஊருக்கே காட்டிக்கிட்டு—"

"காட்டினாத்தானே நமக்குத் தெரியும்!"

"நமக்குத் தெரியற மாதிரி கண்டவனுக்கும் தெரியுமில்ல? எவனோ ஒருத்தன் அதைப் பார்த்துட்டு, அதே மாதிரி இன்னொரு அட்டை எழுதிக்கிட்டு வந்து நின்னா?"

"அப்போ ரெண்டு அட்டை நிக்கும். ஒண்ணுதானே நின்னுது?"

"அந்த ஒண்ணு எந்த ஒண்ணு?"

பதினாறு வயதுப் பெண் உதவிக்கு ஆள் தேடினாள். தம்பியைப் பார்த்தாள். பதின்மூன்று வயதுக்காரன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, விமான நிலையக் கூரையில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"அட்டையை விடு. கோட் வார்த்தை என்னன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சான்."

"கோட் வார்த்தையை அவர்கிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. சொன்னா அது ரகசியமா?"

பிள்ளைகளின் அம்மா, அதாவது மாமாவின் அக்கா, முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்பிய வண்டி அப்படித்தான் திரும்பிப் போயிற்று. போகும்போது அந்த டிரைவர் அட்டையை மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "நீங்களே வெச்சுக்கோங்க சார், ஜாக்கிரதையா."

மாமாவுக்கு வீட்டில் பெயர் 'எதுக்கும்'. எதைச் செய்தாலும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தொடங்குகிறவர். வெயில் கொளுத்தும்போது குடை எடுப்பார், எதுக்கும் இருக்கட்டும் என்று. குடை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு குடையும் எடுப்பார். அவர் தொழில் லிஃப்ட் பரிசோதனை. இருபது வருடமாகப் பரிசோதித்து, கையெழுத்துப் போட்டு, எல்லாரையும் லிஃப்டில் ஏற்றிவிட்டு, தான் படிக்கட்டில் இறங்கி வருகிறவர்.

கல்யாணம் ஆகவில்லை. அக்கா பிள்ளைகள்தான் உயிர். ஆனால் பிள்ளைகளை லீவுக்கு ஒரு பத்து நாள் அனுப்பு என்று வருஷாவருஷம் கேட்டும் அக்கா அனுப்பியதில்லை. "உன்னைப் பார்த்துக்கவே ஒரு ஆள் வேணும். பசங்களை எங்க பார்த்துக்கப் போறே?" என்பாள்.

இந்த வருஷம்தான் வாய்ப்பு வந்தது. அக்கா நர்ஸ். புது ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டாள். பிள்ளைகளின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. கடைசிப் பரீட்சை வரை விடுதியில் இருந்த இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வரும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. விமானம் வந்து சேர்வதோ நள்ளிரவில். அக்காவுக்கோ அன்றைக்கு இரவு டியூட்டி.

"என்னால ஏர்போர்ட்டுக்கு வர முடியாதுடா. பசங்களை அலுங்காம குலுங்காம கொண்டுவந்து சேர்த்துட்டேன்னா, இந்த லீவுக்குப் பத்து நாள் உன்கூட அனுப்பறேன். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னு வெச்சுக்க, அப்புறம் கேக்கவே கூடாது."

மாமா அந்தப் பத்து நாளுக்காக விமானத்திலேயே சட்டங்கள் போட்டுவிட்டார். வெளியாள் யாரிடமும் பேரைச் சொல்லக் கூடாது. வீடு எங்கே என்று சொல்லக் கூடாது. போனைக் கையில் வைத்திருந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான், அதனால் இரண்டு போனும் மாமாவின் பைக்குள். அப்புறம் முக்கியமானது, மாமாவை மாமா என்று கூப்பிடக் கூடாது.

"பின்னே?"

"அப்பான்னு கூப்பிடுங்க. அப்பாகூட வர்ற பசங்கன்னா எவனும் கிட்ட வரமாட்டான். மாமான்னா ஒரு இளக்காரம்."

பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பத்து நாள் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. மாமா வீட்டில் படி என்று சொல்ல ஆள் கிடையாது.

முதல் வண்டி போனபின் மாமா தன் போனில் வாடகை வண்டி பிடித்தார். பத்து நிமிஷத்தில் வந்தது. மாமா போனில் இருந்த படத்தைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தாடி எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"படத்துல இருக்கே?"

"படத்துல எடுக்க முடியாது சார். மூஞ்சியிலதான் எடுக்க முடியும்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"கல்யாணம் சார்."

"பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னாங்களா?"

"பொண்ணே சொன்னா சார். ஏறுறீங்களா, இல்லையா?"

"எதுக்கும்... தாடி வளர்ந்ததும் பார்ப்போம்."

அந்த வண்டியும் போயிற்று. பெரியவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மா... அப்பா, அவரு அவரேதான். மூக்கு அதே மூக்கு."

"மூக்கை வெச்சு ஒரு மனுஷனை நம்ப முடியுமா?"

மூன்றாவது, பேருந்து. பத்துப் பேரோடு போனால் பயமில்லை என்று மாமா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்து, பெட்டிகளை வைத்து, சின்னவன் கண்ணை மூடுகிற நேரத்தில் டிரைவர் ஒரு கொட்டாவி விட்டார். நல்ல முழுக் கொட்டாவி.

"இறங்குங்க!" என்றார் மாமா.

"ஒரு கொட்டாவிதானே!"

"ஒரு கொட்டாவி வந்தா அதுக்குப் பின்னாலயே ஒம்பது நிக்கும். இறங்கு."

இறங்கினார்கள். பேருந்து புறப்பட்டது. புறப்பட்டபின்தான், அதுதான் கடைசிப் பேருந்து என்று தரை துடைத்துக்கொண்டிருந்த ஆள் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் ஒரு கொட்டாவி விட்டார்.

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. காப்பிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். பிஸ்கட் வாங்கித் தரச் சொன்ன சின்னவனிடம், "தெரியாத இடத்துல எதுவும் சாப்பிடக் கூடாது" என்று அதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார் மாமா. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கவுன்டர். முன்பணம் கட்டினால் வண்டி அனுப்புவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போகணும் சார்?"

"கிழக்கால."

"கிழக்காலன்னா?"

"போகப் போக நான் சொல்றேன். ஒவ்வொரு திருப்பமா."

"கூட வர்றவங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு?"

கவுன்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். "உன் பேர் என்னம்மா?" என்று பெரியவளைக் கேட்டாள். பெரியவள் மாமாவைப் பார்த்தாள். மாமா கூடாது என்று தலையை ஆட்டினார். பெரியவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மாமாவுக்கு ஒரே பெருமை.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"அப்பா."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய் விக்கல் எடுத்தது. "மாமா, தண்ணி" என்றவன், "இல்ல, அப்பா, தண்ணி" என்று திருத்திக்கொண்டான்.

கவுன்டர்ப் பெண் போனை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு நிமிர்ந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "உட்காருங்க சார். எங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல டிரைவரா அனுப்பறேன்."

"பார்த்தியா?" என்றார் மாமா. "நாலு கேள்வி கேக்கறாங்கன்னா பொறுப்பா இருக்காங்கன்னு அர்த்தம்."

வந்தது ஒரு பெண் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். கொண்டை, கண்ணாடி, கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிய ஷூ. மாமா வண்டியைச் சுற்றி வந்தார். நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். தீயணைக்கும் கருவி தேதி தாண்டவில்லையே என்று பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பரிசோதித்ததே கிடையாது.

"பின் கதவு ரெண்டும் உள்ளேருந்து திறக்க முடியாம பூட்ட முடியுமா?" என்று கேட்டார்.

டிரைவரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பசங்க திறக்க முடியாம இருக்கணும். அதானே சார்?"

"அதேதான்! சொல்லாமலே புரிஞ்சுக்கறீங்க."

"எனக்கும் பொண்ணு இருக்கு சார். நீங்க முன்னாடி வாங்க, என் பக்கத்துல. பெல்ட்டை நல்லாப் போட்டுக்கோங்க."

வண்டி கிளம்பியது. கிளம்பின உடனே காதில் மாட்டியிருந்த கருவியில் பேசினாள். "கிளம்பியாச்சு. பின்னாடி ரெண்டு பேரு. நல்லாத்தான் இருக்காங்க. ஒவ்வொரு சிக்னல்லயும் சொல்றேன்."

மாமா பின்னால் திரும்பி, 'கேட்டீங்களா?' என்று புருவத்தை உயர்த்தினார். ஒவ்வொரு சிக்னலிலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் டிரைவர்! அவர் கம்பெனியில் இப்படி ஒரு ஆள் இருந்தால் பாதி லிஃப்ட் நடுவழியில் நிற்காது.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் டிரைவரம்மா.

"இல்ல ஆன்ட்டி. எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அம்மாவுக்குப் போன் பண்ணினீங்களா?"

"போன் அவர்கிட்ட இருக்கு" என்றான் சின்னவன்.

டிரைவரம்மா பல்லைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் வண்டி குலுங்கவே இல்லை. மாமா அதைத்தான் கவனித்தார். கோபம் வந்தாலும் ஸ்டியரிங்கில் தெரியக் கூடாது. அதுதான் தொழில்.

"இங்க இடது பக்கம் ஒரு குறுக்கு வழி இருக்கு" என்றார் மாமா, போனில் வரைபடத்தைப் பார்த்து.

"அந்த வழி இருட்டு சார். பசங்களை வெச்சுக்கிட்டு நான் இருட்டுல போக மாட்டேன்."

"ஆகா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் மாமா.

கொஞ்ச தூரம் போனதும் வெளிச்சமான ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். முள் 'நிறைய' என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிறுத்தினாள். "பாத்ரூம் போகணும்னா வாம்மா, நான் கூட வர்றேன்" என்று பெரியவளைத் தோளில் கை போட்டு அழைத்துப் போனாள். சின்னவனை, கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிற கடைக்குள், பணம் வாங்கும் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். போகிறபோதே அவனுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்.

"பெல்ட்டைக் கழட்டாதீங்க சார்" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா கழட்டவில்லை.

பெரியவள் திரும்பி வந்ததும் முன் ஸீட்டுக்குப் பின்னால் குனிந்து கிசுகிசுத்தாள். "மாமா, அந்த ஆன்ட்டி கேக்கறதெல்லாம் ஒரு மாதிரி—"

"அப்பா!"

"சரி, அப்பா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தைரியமா இரு, நான் இருக்கேன்னு—"

"எவ்வளவு நல்ல மனசு! நீ என்ன சொன்னே?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். எதுவும் சொல்லக் கூடாது, சொன்னா பத்து நாள் போயிடும்னேன்."

"என் தங்கம்!"

"அதைக் கேட்டதும் அவங்க கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

மாமா உருகிப் போனார். இந்தக் காலத்தில் யாருக்கு யார் பிள்ளைகள் மேல் இவ்வளவு கரிசனம்? மூன்று வண்டியைத் திருப்பி அனுப்பினதற்குக் கடவுள் கொடுத்த பலன் இது என்று நினைத்தார். சின்னவனும் வந்து உட்கார்ந்தான். வண்டி மறுபடி கிளம்பிற்று.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று காதுக் கருவியில் சொன்னாள் டிரைவரம்மா. "வாசல்லயே நில்லுங்க. பெண்கள் ரெண்டு பேர் இருந்தா நல்லது."

வாசலில் ஆள் நிறுத்தி வரவேற்கிற வாடகை வண்டி! மாமா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது பக்கம் திரும்பினாள். "இங்க வெளிச்சம் அதிகம் சார்" என்றாள். இருக்கட்டும் என்று விட்டார். எதுக்கும் மாமா ஒன்றை அப்படியே விட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

மனசு தாங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னடா, இன்னுமா வீடு போய்ச் சேரலை? நான் அனுப்பின வண்டி என்னாச்சு?"

"அதை விடுக்கா. அதைவிட நூறு மடங்கு நல்ல வண்டி பிடிச்சிருக்கேன். உன் பசங்களை நீகூட இப்படிப் பார்த்துக்க மாட்டே. பிஸ்கட் என்ன, பாத்ரூம் என்ன, அப்பப்பா!"

"பசங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லாவா? ராஜா ராணி மாதிரி வர்றாங்க. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு, பத்து நாள் உறுதிதானே?"

"பத்து என்னடா பத்து, பதினஞ்சே அனுப்பறேன். முதல்ல வந்து சேருங்க."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன். இந்த அம்மாவுக்கு நீயே ஒரு வார்த்தை நன்றி சொல்லு."

வண்டி பெரிய விளக்குகள் எரியும் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றது. படியில் சீருடையில் இரண்டு பெண்கள் தயாராக நின்றிருந்தார்கள். டிரைவரம்மா இறங்கினாள். மாமா பக்கத்துக் கதவை வெளியே இருந்து பூட்டினாள். பின் கதவைத் திறந்து, ஒரு கையில் பெரியவளையும் மறு கையில் சின்னவனையும் பிடித்து இறக்கினாள். மாமா ஸ்பீக்கரில் போட்ட போனை ஜன்னல் வழியாக அவள் பக்கம் நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் காத்திருந்தார்.

டிரைவரம்மா போனையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, அக்காவுக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பயப்படாதீங்க கண்ணுங்களா, போலீஸ் ஸ்டேஷன் வந்தாச்சு, உங்களைக் கடத்திக்கிட்டு வந்த இந்த ஆளு இனிமே உங்களை ஒண்ணும் பண்ண முடியாது."