எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

மனிதனுக்குத் தேவையில்லாத சாமான்கள் என்னென்ன என்று கண்டுபிடிக்க அரசாங்கம் தனியாக ஒரு துறை ஆரம்பித்தால், அதற்குத் தலைவராக உட்கார ராஜபாளையத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தகுதி உண்டு. நாற்காலி கொடுத்தால், அதன் இரண்டு கைகளையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவர் உட்காருவார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அன்ஃபிட்டர். ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. நாள் முழுக்க மெஷின்களில் எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பவருக்கு, ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கண்ணில் பட்ட சைக்கிளில் இருந்து எதையாவது கழற்றாவிட்டால் தூக்கம் வராது. அவருடைய சைக்கிளில் இருந்தவை இரண்டு சக்கரம், ஒரு செயின், ஒரு சீட், ஒரு ஹேண்டில்பார், பிரேக். பிரேக்கைக்கூட மனசில்லாமல்தான் விட்டுவைத்திருந்தார். தலையில் ஹெல்மெட் மட்டும் தவறாமல் இருக்கும். "மத்த எல்லாத்துக்கும் ஸ்பேர் உண்டு சார், தலைக்குக் கிடையாது" என்பார்.

எனக்கு அவர் பழக்கமானதற்குக் காரணம் என் சர்க்கரை. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். விற்கிறவன் சொல்வதை எல்லாம் நம்பிவிடும் வாத்தியார். கடைக்காரர் காட்டிய அத்தனையையும் மாட்டிக்கொண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு வந்தேன். கியர், கேரியர், மணி, கண்ணாடி, முன்னால் ஒரு லைட், பின்னால் ஒரு லைட், தண்ணீர் பாட்டில், போன் மாட்டும் கிளிப், பஞ்சு வைத்த டவுசர், ஜெல் வைத்த சீட். ஞாயிறு காலையில் ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும் எங்கள் கூட்டத்தில், அன்ஃபிட்டர் என்னைச் சுற்றி ஒரு தடவை வந்தார். மாப்பிள்ளை அழைப்புக் காரைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"சீட்டும் மெத்தை, டவுசரும் மெத்தை. எதுக்கு சார் கஷ்டம்? கட்டிலுக்கே ரெண்டு வீல் மாட்டிருக்கலாமே?"

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருவதற்குள் என் சைக்கிளில் பாதியைக் கழற்றி என் பையிலேயே போட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. கேரியர் இருந்தால் வீட்டில் சாமான் வாங்கி வரச் சொல்லுவார்கள். போன் கிளிப் இருந்தால் கண் ரோட்டில் இருக்காது. கண்ணாடியைப் பற்றிக் கேட்டால், "பின்னால வாரவன் என்னைப் பாத்தா போதும் சார், நான் எதுக்கு அவனைப் பாக்கணும்?" தண்ணீர் பாட்டில் அவருக்கு வேண்டியதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் எந்த வீட்டு வாசல் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த வீட்டில் மோரே கிடைக்கும் என்பது வரை தெரியும்.

எங்கள் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். புதிதாக ஏதாவது சரக்கு வந்தால் அன்ஃபிட்டரை வம்புக்கு இழுப்பதற்காகவே கூப்பிட்டுக் காட்டுவார். அன்ஃபிட்டர் தமிழில் 'வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் அவர் மொழியிலேயே "வொத்து, வொத்து" என்று சொல்லப் பழகிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தெலுங்கு வார்த்தை அது.

மணி கிடையாது என்பதால் வாய்தான் மணி. "ஓரம், ஓரம், வாரேன், வாரேன்!" என்று அவர் கத்திக்கொண்டு வந்தால் ஆடு, மாடு, லாரி எல்லாம் ஒதுங்கும். ஒருமுறை சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. மணி வாங்கிவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் என்னிடம் வந்து, காற்றாக வந்த குரலில், "சார், ஒரு வாரத்துக்கு நீங்க எனக்கு முன்னால போங்க" என்றார். அந்த ஒரு வாரமும் இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து நான் மணியடித்தேன்.

ஸ்டாண்ட் கிடையாது. எதன் மேலாவது சாய்த்துவைப்பார். சுவர், மரம், டீக்கடை பெஞ்ச், சமயத்தில் நான். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ குடிக்க நின்றபோது, தேங்காய் ஏற்றி நின்ற ஒரு டிராக்டரின் டிரெய்லர்மேல் சாய்த்துவிட்டு வந்தார். ஹேண்டில்பார் கயிற்றில் சிக்கியிருக்கிறது. டீயில் பாதி குடிப்பதற்குள் டிராக்டர் போய்விட்டது, சைக்கிளும் கூடவே போய்விட்டது. விசாரித்துக்கொண்டே வத்திராயிருப்பு தாண்டி கான்சாபுரம் வரை போனோம். என் சைக்கிளின் பார் கம்பியில் அவரை உட்கார வைத்து மிதித்தேன்; என் சர்க்கரை அன்று ஒரே நாளில் பாதி இறங்கியிருக்கும். அங்கே ஒரு களத்தில் தேங்காய் மட்டைகளோடு சைக்கிள் கிடந்தது.

டிராக்டர்காரர் சொன்னார்: "மணி இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல. எவனோ எல்லாத்தையும் உருவிட்டு எலும்ப மட்டும் போட்டுட்டான்னு நெனச்சோம்."

அன்ஃபிட்டருக்கு ஒரே பெருமை. "பாத்தீயளா சார்? பூட்டே இல்லாம பத்திரமா இருந்திருக்கு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மகாராஜபுரத்தில் இருந்த அவருடைய அக்கா எத்தனையோ வரன் பார்த்தார். இவர் ஒவ்வொன்றையும் 'வொத்து' என்றார். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பெண் இருப்பதாகச் செய்தி வந்தது. முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பெயர் பொன்மணி. அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அக்கா காரில் வருவது என்றும், மாப்பிள்ளைக்குத் துணையாக நான் போவது என்றும் முடிவானது. மாப்பிள்ளை எதில் வருவார் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

முந்தின நாள் நல்ல மழை. அன்ஃபிட்டர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். மட்கார்டு இல்லாத பின்சக்கரம் என்ன செய்யும் என்பது மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். நான் பின்னால் வந்ததில் எனக்கும் முகமெல்லாம் சேறு. அதைத் துடைக்கிற அவசரத்தில் அவர் முதுகைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதியோடு, வாங்க வாங்க என்று வரவேற்றார். அன்ஃபிட்டர் மரியாதை தெரிந்தவர். நேராகப் போய் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அப்போதுதான் அந்த முதுகை வீடே பார்த்தது. இடுப்பில் இருந்து கழுத்துவரை வெள்ளைச் சட்டையின் நட்டநடுவில் செம்மண்ணால் ஒரே நேர்கோடு. இரண்டு பக்கமும் கொஞ்சம் தெறித்திருந்ததால் பார்க்க அசல் நாமம்.

உள்ளே யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னது இது, முதுகுல நாமத்தைப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு?" என்றார். நாமம் போடுவது என்றால் ஏமாற்றுவது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண் கேட்டு வருகிற வீட்டில் முதல் காட்சியே அதுவாக அமைந்துவிட்டது. "ரோட்டுல சேறு மாமா" என்று அக்கா ஏதோ சொல்லி மழுப்பினார்.

பிறகு பெண் வந்தாள். சாதாரணப் பருத்திச் சேலை. கையில் ஒரு வாட்ச். காதில், கழுத்தில், கையில் வேறு ஒரு பொட்டு நகை கிடையாது. தலையில் பூகூட இல்லை. நேராகப் பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் அன்ஃபிட்டரைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. மனிதர் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் அப்பா.

"ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா! எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஒண்ணு கூட இல்லையே!"

அவர் வாயில் இருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வர முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?

"நகையைக் கேக்கீங்களோ?" என்றார் அப்பா. குரல் மாறிவிட்டது.

"ஐயையோ, இல்ல மாமா. வெறுமனே இப்படியே குடுங்க, போதும். நீங்க எதையாவது மாட்டி விட்டாலும் நான் கழட்டிருவேன்!"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எழுந்து ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "பொண்ணு மேல கெடக்கத கழட்டிருவாராம். கழட்டி விப்பாரோ, அடகு வைப்பாரோ? வண்டிக்கு ஒரு மட்கார்டு மாட்ட வக்கு இல்ல, பேச்சப் பாரு. நீங்க ஏற வேண்டிய வண்டி இது இல்ல தம்பி. எறங்கிக்கோங்க."

அடுத்த இரண்டு ஞாயிறும் அன்ஃபிட்டர் வரவில்லை. கூட்டத்தில் மீதி இருந்த நாங்கள் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், டீயைக் குடித்துவிட்டு, யாரும் யாரையும் கிண்டல் செய்யாமல் திரும்பினோம். மூன்றாவது வாரம் நடுவில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். "நான் என்ன சார் தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார். அவர் சொன்னதும் அவர்கள் கேட்டதும் எப்படி வேறு வேறாகிப்போனது என்று விளக்கினேன்.

"நகையா? நான் நகையைப் பத்தி நெனைக்கவே இல்லையே சார். அந்த டீச்சர் நல்லா இருந்தாவ. அதத்தான சொன்னேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஹெல்மெட்டைத் தவிர தனக்குத் தேவை என்று அவரே ஒத்துக்கொண்டு நான் பார்த்தது, அத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மணிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தெருவில் ஒரு சப்பரம் நிற்கிறது. முன்னும் பின்னும் மட்கார்டு, இரண்டு கண்ணாடி, கூடை, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர், டைனமோ, குஞ்சம் வைத்த சீட் கவர், ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கலர் நாடா. நடுவில் அன்ஃபிட்டர், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. சைக்கிள் கடைக்காரர் இதை மாட்டும்போது உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

"மட்கார்டு மாட்ட வக்கு இல்லன்னாரு. எனக்கு வக்கு இருக்குன்னு காட்டிட்டு, சொன்னதுக்கு அர்த்தத்தையும் சொல்லிட்டு வந்துருவோம் சார். பொறவு அவிய இஷ்டம்."

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் அவருக்குச் சித்திரவதை. ஒவ்வொரு குழியிலும் அந்த சைக்கிள் பாத்திரக்கடை மாதிரி சத்தம் போட்டது. முதல்முறையாக, அவர் கேட்காமலே நான் அவரை முந்தினேன். சந்தோஷப்பட முடியவில்லை.

மடவார் வளாகத்தில் அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்ஃபிட்டர் இறங்கி, பழக்கதோஷத்தில் ஸ்டாண்டை மறந்துவிட்டு சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது அத்தனை அலங்காரத்தோடும் சரிந்து விழுந்தது. சத்தம் கேட்டுப் பொன்மணி வெளியே வந்தாள்.

"யாரு சைக்கிள் இது?"

"என்னதுதான்."

"அன்னைக்கு இம்புட்டு சாமான் இல்லையே?"

"உங்க அப்பா சொன்னாவ. அதான்."

"உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?"

"இல்ல" என்றார் அன்ஃபிட்டர். அவருக்குப் பொய் என்ற சாமானும் கிடையாது. "மிதிக்கவே முடியல. அன்னைக்கு நான் நகை கேக்கல. நீங்க ஒண்ணுமே போடாம வந்து உக்காந்தது அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதச் சொல்லத் தெரியாம சொல்லிட்டேன். சைக்கிள் நெனப்புலயே பேசிட்டேன்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாப்பா? ஒவ்வொரு தடவையும் பெரியம்மா நகைய எரவல் வாங்கி எங்கழுத்துல மாட்டி உக்கார வச்சீங்க. நானும் இந்தச் சைக்கிள் மாதிரிதான் இருந்தேன். அன்னைக்குத்தான் ஒத்தக்கால்ல நின்னு மாட்டேன்னுட்டேன். நல்லா இருக்குன்னு சொன்ன ஒரே ஆளு இவியதான். இவியளத்தான் நீங்க எறக்கி விட்டுட்டீங்க."

அப்பா பேப்பரை மடித்தார். விழுந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டாள் பொன்மணி.

ஃபிட்டரிடம் கேட்கிற கேள்வியா இது? இடுப்பில் இருந்து உருவினார். அவள் பிடித்துக்கொள்ள, இவர் கழற்ற ஆரம்பித்தார். கண்ணாடி, கூடை, குஞ்சம் எல்லாம் ஒவ்வொன்றாக வாசலில் இறங்கின. பின் மட்கார்டில் ஸ்பேனரை வைத்தபோது அவள் சொன்னாள்: "இதக் கழட்டுங்க, வேண்டாங்கல. ஆனா சட்டைய நீங்கதான் தொவைக்கணும். நான் தொவைக்க மாட்டேன்."

அன்ஃபிட்டருக்கு அது புரியக் கொஞ்சநேரம் ஆனது. எனக்கும், அப்பாவுக்கும் உடனே புரிந்துவிட்டது.

"தொவைச்சுக்கிடுதேன்" என்றார், ரொம்ப மெதுவாக.

அப்பா நாற்காலியில் இருந்து எழுந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ரைட், போலாம்!" என்றார்.

கல்யாணத்தில் பொன்மணியின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும்தான். சொந்தக்காரர் ஒருவர் மாப்பிள்ளையிடம் போய், இதையும் கழட்டிருவீங்களோ என்று கிண்டலாகக் கேட்டார். "அது கம்பெனி ஃபிட்டிங். அதுல கை வைக்கக்கூடாது" என்றார் அன்ஃபிட்டர். பந்தியில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

இப்போது ஞாயிறுகளில் எங்கள் கூட்டத்தில் பொன்மணியும் வருகிறாள். இரண்டு சைக்கிளும் எலும்பும் தோலுமாக முன்னால் பக்கத்தில் பக்கத்தில் போகும். எனக்கும் பழகிவிட்டது, நினைத்தால் சில இடங்களில் அவர்களைத் தாண்டிவிட முடியும். ஆனால் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள். எத்தனையோ வருடம் தனியாக மிதித்த மனிதர். நான் கொஞ்சம் பின்னாலேயே வருகிறேன்.