ஐரோப்பா அல்ல, யூரோப்பா

குலசேகரம்
டிசம்பர் 2014

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய முத்துநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு இஸ்ரவேல் ஆகிய நான் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் இன்னும் சம்மதிக்காததால் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் மனைவி தேவகனியின் முட்டுவலி தவிர. உங்கள் சுகத்துக்கும் மகள் ஜெமியின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஜெமியைத் தருவதாக இல்லை என்று தரகர் செல்வதாஸிடம் நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. மூத்த மருமகன் குவைத்தில் கிடப்பதும், இங்கே உங்கள் வீட்டில் பேரப்பிள்ளை போனைக் கண்டால் அப்பா என்று கூப்பிடுவதும் கேட்டு தேவகனி அழுதேவிட்டாள். ஆனால் அண்ணாச்சி, எங்கள் மகன் ஸ்மைலின் வெளிநாட்டுக்குப் போகவே இல்லை. நான்தான் அவனை அனுப்பிவைத்தேன், அதுவும் சர்ச் மைக்கில்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் கம்பெனியில் இருக்கிற பிள்ளை போன மாதம் போனில், "அப்பா, இனி எனக்கு யூரோப்பாவிலதான் வேலை" என்றான். கூடவே ஒரு படமும் வந்தது. வெள்ளை வெளேரென்று ஐஸ், அதன்மேல் சிவப்புச் சிவப்பாகக் கீறல், ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரியாதவன் கத்தி போட்ட மாதிரி. தேவகனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒத்த வீடுகூட காணல்லியே, இந்தக் குளிருல எனக்க பிள்ள எங்க கிடப்பான்?" என்று கேட்டவள், அன்றைக்கே மார்த்தாண்டம் போய் கம்பிளி ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போட, போதகர் அதை "மகனுக்கு ஐரோப்பாவில் வேலை கிடைத்ததற்காக" என்று மைக்கில் வாசிக்க, வெளியே மரச்சீனிக்கிழங்கு விற்கிறவர் வரைக்கும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை, ஐரோப்பாவில் இருக்கவேண்டிய ஆள் அழுக்குத் துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறான். சர்ச் கமிட்டி முழுக்க ஜங்ஷனில் நிற்கிறது. கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போய்க் கேட்டால், அது ஐரோப்பா இல்லையாம், யூரோப்பாவாம். ஊர் இல்லையாம், நிலாவாம். நம்ம நிலாவும் இல்லையாம், வியாழனுக்க நிலாவாம். என்றைக்கோ ஒரு விண்கலம் அங்கே போய் எடுத்தனுப்பிய படங்களுக்கு இவன் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து நிறம் திருத்துகிறானாம். வியாழனுக்கு அறுபதுக்கு மேல நிலாவாம், வெள்ளிக்கு ஒண்ணுகூட கிடையாதாம். கிழமைக்கெல்லாம் எதுக்குடே நிலா என்று கேட்டேன், சிரிக்கான். தேவகனி அவனுக்கு வியாழக்கிழமை லீவு என்று விளங்கிக்கொண்டாள். அந்த ஐசுக்கு அடியில பெரிய கடல் வேற இருக்கும்போலாம் அண்ணாச்சி. அப்ப மீன் உண்டா என்றேன். அதத்தான் எல்லாரும் தேடுதாங்க என்கான். தேடட்டும், எனக்கு ஒண்ணும் விளங்கல்ல.

விளங்கின ஒரே காரியம், அந்த யூரோப்பாவுக்கு விசாவும் கிடையாது, பிளைட்டும் கிடையாது. இவன் நினைத்தாலும் போக முடியாது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கு ஜெமியை அவ்வளவு பிடித்துப்போயிற்று, எனக்கும் மனசு தாங்கவில்லை. ஜெமியைத் தந்தால் சனிக்கிழமைதோறும் மருமகன் வீட்டில் இருப்பான். சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. இருந்தாலும் பண்ணுகிறேன், ஸ்மைலின் கடல் தாண்டமாட்டான்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும், அப்படியே உங்கள் மனதையும் நிரப்புவாராக.

இப்படிக்கு,
கலக்கத்தோடு,
இஸ்ரவேல்

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் ஸ்மைலின் போன் பண்ணினான். அவன் திருத்திய படத்தைப் பார்த்துவிட்டு ஜெர்மனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், ஈஸ்டர் கழிந்ததும் போகவேண்டுமாம். "இது எந்த யூரோப்பாலே?" என்று கேட்டேன். "ஆளுவ இருக்கப்பட்ட யூரோப்பாதான் அப்பா" என்றான். மைக்கில் வாசித்தது மேலே வரைக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. சத்தியம் பண்ணின இடத்தை மட்டும் வாசிக்காமல் விட்டுவிடுங்கள். கட்டினவளையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். அப்படியானால் பிறக்கிற பிள்ளை போனைக் கண்டு அப்பா என்று கூப்பிடாது அண்ணாச்சி. தாத்தா என்று கூப்பிடும்.