நாற்சந்தியில் நெரிசல் ஒழிந்த வரலாறு

மனித குலத்தின் மகத்தான சாதனை எது என்று கேட்டால், நிலவில் கால் வைத்ததைச் சிலர் சொல்வார்கள். நிலவில் போக்குவரத்து கிடையாது. யார் வேண்டுமானாலும் கால் வைக்கலாம். எங்கள் நகரின் பெரிய நாற்சந்தியில் யாருமே கால் வைக்க முடியாதபடி செய்தோமே, அதுதான் சாதனை. அந்தத் திருப்பணியில் அடியேனுக்கும் பங்கு உண்டு. போக்குவரத்து மேம்பாட்டுப் பிரிவில் நான் உதவிப் பொறியாளர்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. நாற்சந்தியில் வண்டிகள் நிற்கும் பக்கம் அதில் சிவக்கும். தடையில்லாத பக்கம் பச்சையாகும். பேருந்து, கார், ஆட்டோ, குப்பை லாரி என்று எல்லாவற்றையும் அது அடையாளம் காணும். நடந்து போகிறவர்களை மட்டும் காணாது. தலைமைப் பொறியாளர் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன்யா, நடந்து போற ஜனம் ஒண்ணுமே தெரியலையே?"

"அதுக்குத் தனி சாஃப்ட்வேர் வாங்கணும் சார்."

"விடு. நடக்கிறவன் என்னைக்குய்யா நெரிசல் பண்ணான்?"

தொலைநோக்கு என்றால் இதுதான். காலடியில் இருப்பது தெரியவே கூடாது.

நடப்பவர்களுக்காகச் சிக்னல் மாறும்போதெல்லாம் திரை முழுக்கச் சிவந்தது. காரணமே இல்லாமல் சிவந்தது. ஆகவே அந்த நேரத்தைச் "சீரமைத்தோம்". பிறகு சீரமைத்ததைச் சீரமைத்தோம். நடைபாதையிலிருந்து இறங்கி, செருப்பைச் சரிசெய்து, நிமிர்வதற்குள் முடிந்துவிடும் அளவுக்கு அது செம்மை அடைந்தது.

அங்கேதான் என் அக்கா குறுக்கிட்டாள். நாற்சந்தியின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அவளுடைய தையல் கடை. அத்தான் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. நடுவே எங்கள் சாதனை. போதாததற்கு முட்டிவலி.

"டேய், நடு ரோட்டுல நிக்கிறேன்டா," என்று போன் செய்தாள்.

"ஏன்க்கா?"

"வேண்டுதல். கேக்குறான் பாரு கேள்வி! உன் சிக்னல் பாதியிலயே பல்லை இளிச்சிருச்சு."

"கொஞ்சம் வேகமா நடந்திருக்கலாம்ல?"

"முட்டியக் கழட்டித் தர்றேன், நீ நடந்து காட்டு."

இதைப் "பொதுமக்கள் கருத்து" என்று கூட்டத்தில் வைத்தேன். அக்கா என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் உறவு கொண்டாடக் கூடாது. மூத்த பொறியாளர் ஒருவர் எழுந்து, நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் உட்காருவதற்குத் தடுப்புத் திட்டில் பெஞ்சு போடலாம் என்றார். ஒரே கைதட்டல். கடக்க முடியாமல் நிற்பதைக்கூட இவ்வளவு வசதியாக்கித் தர எந்த அரசுக்கு மனசு வரும்?

பெஞ்சு வந்தது. அக்கா அதில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். எதிர்த் திசையிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஒருவர், அங்கேயே நின்று சட்டைக்கு அளவு கொடுத்தார். எங்கள் பிரிவினால் வளர்ந்த ஒரே தொழில் அதுதான். பிறகு திட்டையே இடித்து வண்டிகளுக்கு இன்னொரு தடம் போட்டோம். பெஞ்சும் போயிற்று. அக்கா ஆட்டோ பிடித்தாள்.

"எதுத்தாப்ல தெரியுதே, அந்தக் கடைக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாப்பா. வெளியூர்ப் பயணம்."

எங்கெங்கோ போய் வளைந்து திரும்பி வர வேண்டும். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டோ ஏறினார்கள். வண்டிகள் பெருகின. பெருகிய வண்டிகளுக்காக, நடக்கும் நேரத்தை இன்னும் கொஞ்சம் சீரமைத்தோம்.

"இப்படியே போனா கடையைச் சாத்திட்டு உன் வீட்டுலதான்டா வந்து உக்காரணும்," என்றாள் அக்கா. பொதுமக்கள் கருத்து என்னைக் கலங்கடித்தது அப்போதுதான்.

இந்த நிலையில் "சிறந்த நாற்சந்தி" விருதுக் குழு பார்வையிட வந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து வரவழைத்திருந்தோம். திரை பசேலென்று இருந்தது. விருந்தினர் தேநீரைக் கையில் எடுத்த நேரம், நடப்பவர்களுக்கான சிக்னல் விழுந்து திரை சிவந்தது. ஒரு பக்கம் ஓர் ஆட்டோவும் அதன் பின்னால் ஒரு பேருந்தும் நின்றன. மற்ற பக்கங்கள் காலி.

தலைமைப் பொறியாளர் பதறிப்போனார். "அந்த ஆட்டோவைப் பாருய்யா. பாவம், காத்துக் கிடக்குது! பச்சை விடு!"

"பாவம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினேன். திரை பச்சையானது. குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் என் போன் அடித்தது.

"டேய், எந்தப் பாவிடா பச்சை விட்டது? நடு ரோட்டுல நிக்கிறேன்!"

"ஆட்டோலதானே கடைக்குப் போறேன்னு சொன்ன?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"நடக்கிற லைட்டு எரிஞ்சுதேன்னு இறங்கி நடந்தேன்டா. ஒதுங்கக்கூட ஒரு திட்டு இல்ல. பஸ் உரசிட்டுப் போகுது, பின்னாடி இன்னும் வருது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடா தம்பி."

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தினால் திரை சிவந்துவிடும்.

"என்னய்யா?" என்றார் தலைமைப் பொறியாளர், விருந்தினரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல். "ரோட்டுல யாராவது இருக்காங்களா?"

திரையை நன்றாகப் பார்த்தேன்.

"யாருமில்ல சார்," என்றேன்.