கொய்யாப்பழத்தில் கவிழ்ந்த ஆட்சி

ஆட்சிமுறைகளைப் பற்றி நான் நன்றாகவே படித்தவள். ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் ஆளத்தான் தெரியாமல் போனது.

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் அத்தாவின் கொய்யா மண்டியில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்த காலம். கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிளஸ் ஒன்னுக்கு மாதிரி வகுப்பு ஒன்று எடுக்க வேண்டும், பிடித்திருந்தால் வேலை. கூடவே பள்ளி மாடியில் தங்க ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. (அதை வகுப்புக்கு முன்பே எனக்குக் காட்டியிருக்கக் கூடாது. பாதி மூளை அங்கேயே தங்கிவிட்டது.)

மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அத்தாவும் கூட வந்திருந்தார், ஒரு கூடை கொய்யாவோடு.

"பெரிய டீச்சரம்மாவுக்குக் குடு தாயி. வெறுங்கைய வீசிட்டுப் போகப்படாது."

தலைப்பு, அதிபர் ஆட்சிமுறைக்கும் நாடாளுமன்ற ஆட்சிமுறைக்கும் உள்ள வேறுபாடு. புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நான்தான் புதுமை செய்யப் பிறந்தவளாயிற்றே! வகுப்பை இரண்டு நாடாகப் பிரித்தேன். இடப்பக்கம் அதிபர் நாடு. எல்லாரும் வாக்களித்து ப்ரீத்தியை அதிபராக்கினார்கள். சபைக்குத் தனியாக ஐந்து பேர். வலப்பக்கம் வாக்களித்தது ஐந்து உறுப்பினர்களுக்கு மட்டும். அவர்கள் தங்களுக்குள் கூடி ரோஸ்லினைப் பிரதமராக்கினார்கள். தலைமையாசிரியைக்குக் கொடுக்க வேண்டிய கூடையை இரண்டு நாட்டுக்கும் நடுவில் வைத்து, பாதிப் பாதி என்றேன்.

"இதுதான் உங்க நாட்டு வளம். ஆளுங்க பாப்போம்!"

வகுப்பு முடிந்த பிறகுதான் பழம் என்றாள் அதிபர். சபை ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நீ எறங்குடி!"

"எறக்க முடியாது. என் பதவிக்காலம் முடியிற வரைக்கும் நான்தான். புக்லயே போட்டுருக்கு."

அந்த நாட்டில் அதன்பின் ஒன்றுமே அசையவில்லை. அடுத்த நாட்டிலோ எதுவுமே நிற்கவில்லை. ரோஸ்லின் ஆளுக்கு ஒன்று என்றாள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, அவள் போனாள். அடுத்தவள் ஆளுக்கு இரண்டு என்றாள். எண்ணிப் பார்த்தால் பழம் போதவில்லை, அவளும் போனாள். மூன்றாவது பிரதமர் பதவியேற்றபடியே ஒரு பழத்தைக் கடித்துவிட்டாள். ஆட்சியோடு கூடையும் கவிழ்ந்தது.

அப்போதுதான் கடைசி பெஞ்சில், பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் பணிவாக எழுந்தாள்.

"மிஸ், உங்க மேல ஒரு தீர்மானம் கொண்டு வரலாமா?"

"தாராளமா! ஆதரிக்கிறவங்க எந்திரிச்சு நிக்கணும்" என்றேன். (ஜனநாயகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை!)

இரண்டு நாடுகளும் ஒற்றுமையாக எழுந்து நின்றன. கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியை வந்தார். அவர் காலடிக்கு ஒரு பழம் உருண்டு போனது.

"என்ன நடக்குது இங்க?"

"மிஸ்ஸோட ஆட்சி கவுந்துருச்சு மேடம்."

அவர் திட்டவில்லை. தன் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். "பிள்ளைங்க இந்தப் பாடத்த மறக்க மாட்டாங்கம்மா. ஆனா இங்க எங்களுக்கு அமைதியான வகுப்பு வேணும்" என்றார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் அத்தா காத்திருந்தார். "என்ன தாயி, சோலி முடிஞ்சுச்சா?"

"கூடைய மட்டும் திருப்பிக் குடுத்துட்டாங்க அத்தா."

அவர் கூடையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தார். மலையிறங்க இறங்கக் குளிர் விட்டுக்கொண்டே போனது. பழனிக்கு வந்து சேர்ந்தபோது பழைய வெயில் பழைய இடத்திலேயே நின்றது.

இப்போது மண்டியை நானும் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் சோறு அடிப்பிடித்தால், பால் பொங்கினால், "அம்மாவோட ஆட்சி கவுந்துருச்சு" என்று கணவரும் மகளும் கூவுவார்கள். முதலில் சிரிப்பவள் நான்தான்.

போன கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். அந்தப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். விடுமுறை, பிள்ளைகள் யாருமில்லை. அன்று எனக்குக் காட்டிய மாடி அறையின் ஜன்னல் கம்பியில் யாரோ ஒரு நீல ஸ்வெட்டரைக் காயப்போட்டிருந்தார்கள். மூடுபனியில் அது காய்வதாகத் தெரியவில்லை.

"அங்க யாரும்மா இருக்கா?" என்றாள் மகள்.

"ஒரு டீச்சர்" என்றேன்.