செடிமேல் பழிபோடும் நிபுணர்

நிபுணர்களில் எத்தனையோ ரகம் உண்டு. நான் இப்போது உங்களுக்குக் காட்டப்போகிறவர், பிடிக்காத பதில் வந்தால் பதில் சொன்னவரையே குற்றவாளி ஆக்கும் ரகம். அதுவும் இவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது வாயில்லாத செடிகள்.

எண்ணெய் தேடி பூமியைத் துளைக்கிற கம்பெனிகளில் இவரைப் பார்க்கலாம். துளையிலிருந்து டீசல் வாடையோடு சாம்பல் நிறச் சேறு குவியல் குவியலாக வெளியே வரும். அதை நிலத்தில் கொட்டலாமா, கூடாதா? சொல்ல வேண்டியவர் இவர்தான். வழியும் எளிது: ஒரு தொட்டியில் சேறு கலந்த மண், இன்னொன்றில் நல்ல மண், இரண்டிலும் முள்ளங்கி விதை. எது முளைக்கிறது, எது கருகுகிறது என்று பார்த்தால் போதும். நான் சொல்லும் ஆசாமியின் கம்பெனி சேற்றைக் கொட்ட நினைத்த மேட்டுக்கு அடியிலேயே அவருடைய சொந்த அக்காவின் தோட்டம் இருந்தது. அவரைக்காயும் கத்தரிக்காயும் விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"சார், சேத்துத் தொட்டியில முளைச்சதெல்லாம் கருகிப் போச்சு," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் அம்மாள்.

"விதை பழசா இருக்கும்."

"அதே விதைதான் சார் நல்ல மண்ணுல தளதளன்னு நிக்குது."

"அப்ப தண்ணிய அதிகமா ஊத்தியிருப்பீங்க."

புது விதை வந்தது, கருகியது. ஜன்னல் வெயில் ஆகவில்லை என்று தொட்டியை உள்ளே நகர்த்தினார், கருகியது. ஏசி காற்று ஆகவில்லை என்றார், தொட்டி சிறியது என்றார், போன வாரம் முழுக்க மேகமூட்டம் என்று வானத்தையும் இழுத்துப் பேசினார். சேற்றை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வாரா? சேறு முதலாளியுடையது அல்லவா!

கடைசியில் முள்ளங்கியே சரியில்லை என்று முடிவானது. "ரொம்பச் செல்லமா வளர்ற செடிம்மா அது. கொஞ்சம் உரமான செடியாப் பாப்போம்." கீரை வந்தது, போனது. சோளம் வந்தது, அதுவும் போனது. ஒருநாள் மதில் சுவர் ஓரம் காலாற நடந்தவர் கண்ணில் கள்ளி பட்டது. மனிதருக்கு வாயெல்லாம் பல்! உடைத்து வந்து சேற்றில் ஊன்றினார். வேர் பிடிக்காவிட்டாலும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கிற ஜன்மம் அது. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, 'செடி நலமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அக்கா போனில் கேட்டபோதும் அதே பாட்டுத்தான்.

"பயப்படாதேக்கா. நானே சோதிச்சுப் பாத்துட்டேன்."

"நீ சொன்னா சரிடா தம்பி. கொட்டட்டும்."

கொட்டினார்கள். மழை பெய்தது. சேறு கரைந்து தோட்டத்துக்குள் இறங்கியது. பூத்து நின்ற அவரைப் பந்தல் மஞ்சளாகி, அப்படியே சுருண்டு போயிற்று. அக்கா ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்கே வந்து, அவர் மேஜைமேல் போட்டார்.

"இந்த வருஷம் என் பிள்ளைங்களுக்கு நான் என்னத்தடா போடுவேன்?"

நம் நிபுணர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"நீ விதை எங்கக்கா வாங்கின?"

எனக்கு அந்த ஆளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் வரும், வரட்டும், நல்லதுதான். இப்படியும் ஒரு மனிதனா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் போன மாதம் ரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்று முடிவு வந்ததும், "அந்த லேப் மிஷின் கோளாறு" என்று சொல்லிவிட்டு வேறு லேபுக்கு ஓடினது யார்? அங்கேயும் அதைத்தானே சொன்னார்கள்?

எனக்குத் தெரிந்த மூன்றாவது லேப் ஒன்று இருக்கிறது. விலாசம் தரட்டுமா?