நாற்பது விநாடிப் பாடகி

ஜாஸ், சோல் என்னும் இருபெரும் இசை வடிவங்களை இந்த நகரத்தில் வளர்த்தது யார் என்று வருங்கால வரலாற்றாசிரியர்கள் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு. அதன் கண்காணிப்பாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாடகி ஒரு ஹோட்டலின் மூலையில் பாடிக்கொண்டிருந்தார். பியானோ வாசித்தவர் அவருடைய அண்ணன். கேட்டவர் எவருமில்லை, எல்லோரும் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்கள். எங்கள் இயக்குநர் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் குரலில் இருந்த சோகம் அவரை உலுக்கிவிட்டது. "இதைக் கேட்டா எவனுக்கும் சண்டை போடத் தோணாதுய்யா," என்றார் என்னிடம். அப்படித்தான் கலை, அழைப்பவர்கள் காத்திருக்கும்போது ஒலிக்கும் பாட்டாக, எங்கள் தொலைபேசிக்குள் நுழைந்தது.

பாட்டு ஏழு நிமிடம். எங்கள் இயந்திரத்தில் இடமிருந்ததோ நாற்பது விநாடிக்கு. அது முடிந்ததும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஓர் அறிவிப்பு. பிறகு மறுபடி பாட்டு, முதலிலிருந்து. தண்ணீர் வராத வீடுகள் பெருகப் பெருக ரசிகர்களும் பெருகினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒரே அமர்வில் இருநூற்றுப் பத்து முறை கேட்டிருக்கிறார். எந்த இசை நிறுவனமாவது இப்படி ரசனை வளர்த்ததுண்டா?

புகழ் வந்தால் சில்லறைச் சங்கடங்களும் வரும். பாடகி கடையில் தக்காளி கேட்பார்; அந்தக் குரல் காதில் விழுந்ததும் கடைக்காரர் தன் குடிநீர் இணைப்பு எண்ணை ஒப்பிப்பார். ஹோட்டலில் அவர் வாயைத் திறந்தாலே சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு, மறுமுனையில் யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஆறிப்போன தட்டுகளைப் பார்த்த ஹோட்டல்காரர் அவரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எந்த மேடையும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒருநாள் அண்ணனுடன் என் மேசைக்கு வந்தார்.

"பாட்டோட உயிரே நாற்பது செகண்டுக்கு அப்புறம்தான் சார் இருக்கு. முழுசாப் போடுங்க."

நடுவில் நாங்கள் போனை எடுத்தால் பாட்டு அறுந்துவிடுமே, அது கலைக்குச் செய்யும் அவமரியாதையல்லவா என்று கவலைப்பட்டேன்.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது எடுத்திருக்கீங்களா?" என்றார் அண்ணன்.

பியானோக்காரர்களுக்கு நிர்வாகம் புரியாது. போனை எடுத்தால் புகார் வரும். வந்தால் பதிவேட்டில் ஏறும். எடுக்காததால்தான் எங்கள் பதிவேடு வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைப் பாராட்டித்தான் அந்த ஆண்டு 'புகாரற்ற அலுவலகம்' விருதே தந்தார்கள். விருது விழாவுக்குப் பாட ஆள் வேண்டியிருந்தது. இயக்குநர் பாடகியையே அழைக்கச் சொன்னார். பாடகி வைத்தது ஒரே நிபந்தனை.

"ஜனங்க முன்னாடி ஒரே ஒரு தடவை கடைசி வரைக்கும் பாடிடணும் சார். அதுக்கப்புறம் பாடவே வேணாம்னாலும் சரி."

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பாடகி, பியானோவில் அண்ணன், கூடவே டிரம்ஸும் சாக்ஸபோனும். முதல் வரி வந்ததுமே ஆயிரம் பேரும் வலது கையைப் போன்போலக் காதில் வைத்துக்கொண்டார்கள். நாற்பதாவது விநாடியில் கூட்டம் முழுவதும், தாளம் தப்பாமல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது. பயந்துபோன டிரம்ஸ்காரர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி நாற்பது விநாடி, மறுபடி அறிவிப்பு. இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு 'மக்கள் ஒத்துழைப்பை' அவர் பார்த்ததே இல்லை.

மூன்றாவது முறை பாடகியின் முகம் வெளுத்தது. அண்ணன் பியானோக் கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நிறுத்தாத பாப்பா. மேல போ."

போனார். நாற்பத்தொன்றாவது விநாடி.

நகரம் அதுவரை கேட்டிராத வரி. மண்டபம் திடுக்கிட்டது. பாட்டு மாறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: லைன் கிடைத்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு தையற்காரம்மா எழுந்தார். "ஹலோ, மேடம்... எங்க தெருவுல பதினெட்டு நாளாத் தண்ணி வரல."

ஜாஸ் பாடுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் எது வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவார்கள். "எந்தத் தெரு அக்கா?" என்று அதே மெட்டில் இழுத்தார் பாடகி. அந்த அம்மாவும் மெட்டு பிசகாமல் முகவரி சொன்னார். அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர். தலைமையாசிரியர் தன் வீட்டுத் தண்ணீரின் நிறத்தை மேல் ஸ்தாயியில் மூன்று விதமாகப் பாடிக் காட்டினார். சாக்ஸபோன்காரர் வாத்தியத்தை வைத்துவிட்டு, விழா அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார். நானும் எழுந்து நின்று என் வீட்டுக் குழாயைப் பற்றிப் பாடியதாகச் சொல்வது அவதூறு. உட்கார்ந்தபடிதான் பாடினேன்.

ஏழு நிமிடப் பாட்டு இரண்டரை மணி நேரம் நீண்டது. கடைசி வரியைப் பாடகி தனியாக, மிக மெல்லப் பாடி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. காதிலிருந்த கையை எடுக்கவே அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் காலை என் மேசைமேல் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். பதிவேடு கறைபட்டது. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவசரக் கூட்டம் கூட்டி, பாடகியின் குரலைத் தொலைபேசியிலிருந்து நீக்குவதென்றும், அவர்மீது கடும் நடவடிக்கை எடுப்பதென்றும் ஏகமனதாக முடிவு செய்தோம். குற்றப்பத்திரிகை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விதிப் புத்தகம் முழுவதையும் புரட்டினேன்; பொருத்தமான பிரிவு அகப்படவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: 'மேற்படி நபர், பொதுமக்கள் சொன்னதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டார்.'

பெருமையோடு சொல்கிறேன், எங்கள் அலுவலகத்தில் இந்தக் குற்றத்தை இதுவரை ஒருவர்கூடச் செய்ததில்லை.